கைக்கு வாற விலை

அம்மம்மாவின் வீட்டை விற்கிறதென்று எங்கட வீட்டில் முடிவெடுத்தது 2021இல். மானிப்பாய்ப் பக்கம் நாலு பரப்பு வளவு, எழுபதுகளில் கட்டின கல்வீடு, நல்ல தண்ணிக் கிணறு. அம்மம்மா போனபிறகு பூட்டித்தான் கிடந்தது. பெரியம்மாவுக்கு இரண்டு முழங்காலும் ஏலாது, சத்திரசிகிச்சைக்குக் காசு வேணும். அதுதான் அவசரம். உறுதி முடிந்தது 2024இல். இடையில் மூன்று வருசமும் பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குசினிக்குப் போய்வந்தா.

ஏன் இவ்வளவு காலம் போனதென்று கேட்டால் சொந்தக்காரர் எல்லாருக்கும் ஒரே பதில்: "புரோக்கர்மார் கள்ளர்." நானும் கொஞ்சக்காலம் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். இப்ப எனக்கு அந்தப் பதிலில் நம்பிக்கை இல்லை.

விலையில் இருந்து தொடங்குவம். கனடாவிலிருக்கிற மாமா சொன்ன விலை இரண்டு கோடி. எப்படி வந்தது அந்தக் கணக்கு? மூன்று வீடு தள்ளி ஒருத்தர் அந்த விலை சொல்லுறாராம். சொல்லுறார், அவ்வளவுதான். அந்த வீடு இன்றைக்கும் விற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கோயில் வீதியிலும் கலியாண வீட்டிலும் கதைக்கிற காணி விலைகளில் பாதி, விற்காத காணிகளின் விலை.

சரி, உண்மையில் விற்ற விலையை எங்கே பார்க்கிறது? காணிப் பதிவகத்தில் உறுதிகள் இருக்குத்தானே என்பீர்கள். இருக்கு. ஆனால் முத்திரை வரி முதல் இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்று, மிச்சத்துக்கு நூற்றுக்கு நாலு. ஒன்றேகால் கோடிக்கு வாங்கினால் கிட்டத்தட்ட ஐந்து இலட்சம் வரிக்கே போகும். அதனால் உறுதியில் குறைத்து எழுதுகிற பழக்கம் ஊரறிந்தது. ஆக, எழுத்தில் இருக்கிற விலை குறைஞ்ச பொய், வாயில் இருக்கிற விலை கூடின பொய். நடுவில் இருக்கிற உண்மை விற்றவருக்கும் வாங்கினவருக்கும் புரோக்கருக்கும் மட்டும்தான் தெரியும். இந்த மூன்று பேரில் அதைத் திரும்பத் திரும்பக் காசாக்கக் கூடியவர் புரோக்கர் ஒருத்தர்தான். அவருக்கு அந்தப் பலத்தைக் கொடுத்தது எங்கட வாய்மூடல்.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே கோபம் வாற விசயம். மாமா எல்லாப் புரோக்கருக்கும் ஒரே வசனம்தான் சொன்னார்: "எனக்கு ரெண்டு கோடி கைக்கு வந்தாச் சரி. மேல வாறதை நீங்கள் எடுங்கோ." பெருந்தன்மையான பேச்சு மாதிரித்தான் கேட்கும். என்ன நடந்தது தெரியுமா? நாலு புரோக்கர்மார், ஒரே வீடு. ஒருத்தர் இரண்டு கோடி பதினைந்து சொன்னார், ஒருத்தர் இரண்டு இருபது, இன்னொருத்தர் முகநூலில் கிணற்றுப் படத்தோட இரண்டு நாற்பது. வீடு பார்க்க வந்த ஒரு தம்பதி மூன்று விலையையும் ஒரே கிழமையில் கேட்டிருக்கினம். "உறுதியில ஏதும் பிரச்சினையோ, இப்படி ஆளுக்கொரு விலை சொல்லுறீங்கள்?" என்று அந்த அக்கா அம்மாவிடம் நேராகவே கேட்டா. அம்மாவிடம் பதில் இல்லை.

நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் வீடு விற்றால்தான் அவருக்கும் காசு, கொஞ்சம் இறங்கி விற்றாலும் அவருக்குப் பெரிய நட்டமில்லை. "மேல வாறது உங்களுக்கு" என்றால், விலையை ஏற்றுகிறதுதான் அவருடைய தொழில். பிறகு அவரைக் கள்ளன் என்றால் என்ன நியாயம்?

அந்தத் தம்பதி வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தவை. வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து ஒரு கோடி பதினைந்து போட்டார். அவர்கள் ஒரு கோடி பத்து கேட்டார்கள். மாமா "பேய்க்காட்டுறாங்கள்" என்று போனை வைத்துவிட்டார்.

2022இல் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனது. மாமா விலையையும் அதோட சேர்த்து ஏற்றினார். "வெளிநாட்டுக்காரன் ஆரும் வருவான்" என்ற நம்பிக்கை வேறு. வெளிநாட்டுக்காரர் என்றால் ஆர்? 2014இன் 38ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கைக் குடியுரிமை இல்லாதவரின் பெயருக்கு இங்கே காணியைப் பொதுவாக மாற்ற ஏலாது. முதுசமாக வாறது போன்ற சில விலக்குகள் இருக்கு. மற்றபடி இரட்டைக் குடியுரிமை எடுத்திருக்க வேணும். மாமாவுக்கே அது இல்லை. தன்னைப் போன்ற ஒருத்தர் வந்து வாங்குவார் என்றுதான் அவர் காத்திருந்தார், ஆனால் தன்னால் வாங்க ஏலாது என்பது அவருக்குத் தெரியாது.

ஐந்தாவதாக வந்தவர் வயதான மனிசன், பழைய சைக்கிள். விலை கேட்கவில்லை. "உறுதியையும் பிளானையும் காட்டுங்கோ" என்றார். காட்டினோம். பங்காளிகள் மூன்று பேர், மாமாவுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அற்றோனித் தத்துவம் இன்னும் வரவில்லை. "ஒரு பங்காளி மட்டும் விக்கிறதெண்டா தேசவழமைப்படி மற்றவைக்கு முதல் சொல்லோணும். நீங்கள் மூண்டு பேரும் சேந்து விக்கிறியள், அந்தச் சிக்கல் இல்லை. ஆனா அற்றோனி வரும்வரை ஒருத்தரும் அட்வான்ஸ் தரமாட்டினம்" என்றார். பிறகு கூரைக்கு ஏறினார், அந்த வயதில். சிலாகை உக்கியிருக்கு, ஒழுங்கை ஒடுக்கம், லொறி உள்ளே வராது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியாகத்தான் விலை: "ஒண்டேகாலுக்கு மேல கேட்டா நான் வரேல்ல."

பெரியம்மாவுக்கு முகம் விழுந்துபோனது. தாத்தா கையால் நட்ட மாமரத்துக்கு ஒரு சதமும் போடாத கணக்கு அது. எனக்கும் சுட்டது. ஆனால் வாங்க வாறவருக்கு அந்த மாமரம் குப்பை கூட்டுகிற வேலை.

ஒரு கடதாசியில் எழுதினோம்: நூற்றுக்கு இரண்டு, எங்களிடம் மட்டும், உறுதி முடியிற நாளில், நாலு மாதத்துக்கு வேறொருவருக்கும் கொடுக்கமாட்டோம். நண்பர்கள் சிலர் இதை எதிர்க்கினம். ஒருத்தரிடம் மட்டும் கொடுத்தால் அவர் படுத்துவிடுவார் என்கினம். நடக்கலாம், அதனால்தான் நாலு மாதம் என்று எல்லை போட்டது. எங்களுக்கு மூன்றாவது மாதம் ஆள் வந்தது.

மாமாவுக்கு டொலரில் கணக்குப் பார்க்கத்தான் பிடிக்கும். ஆகவே நானும் பார்த்தேன். 2021இல் வேண்டாமென்ற ஒரு கோடி பத்து இலட்சம், அன்றைய இருநூறு ரூபாய்க் கணக்கில் 55,000 டொலர். 2024இல் கிடைத்த ஒன்றேகால் கோடி, முந்நூறு ரூபாய்க் கணக்கில் 42,000கூட வராது. இதை அவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல ரிக் விழுந்தது, பதில் வரவில்லை.

பெரியம்மாவுக்கு ஒரு முழங்கால் செய்தாச்சு. மற்றது பங்குனிக்குப் பிறகு.

மானிப்பாய்ப் பக்கம் ஆரும் விற்க யோசித்தால் கேட்டுக்கொள்ளுங்கோ: ஒடுக்கமான ஒழுங்கைக்குள் நாலு பரப்பு, பழைய வீட்டோட, 2024இல், ஒரு கோடி இருபத்தைந்து இலட்சம். உறுதியில் இருக்கிற தொகை வேறு. உங்கட வீட்டுக்காரர் என்ன விலைக்கு விற்றார்கள் என்று நீங்களும் சொல்லுங்கோ. சொல்லுற விலை வேண்டாம், விற்ற விலை.