கேஸ் ஷீட்டைப் படிக்கப்போவது யார்?

பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுவைசிகிச்சை நிபுணராக இருந்தவர் எர்னெஸ்ட் காட்மன். ஒவ்வொரு நோயாளியும் குணமானாரா, இல்லையென்றால் ஏன் என்று பதிவுசெய்ய வேண்டும் என்றார். அங்கே அது எடுபடவில்லை. 1914இல் பதவி விலகினார். தானே நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை சிகிச்சை பெற்ற 337 பேரின் பதிவுகளில் 123 பிழைகளைக் கணக்கிட்டு, அதை அச்சிட்டும் வெளியிட்டார்.

இன்று பெரிய மருத்துவமனைகளில் மரண ஆய்வுக் கூட்டம் வாடிக்கையாகிவிட்டது. ஆனால், ‘ராத்திரி டியூட்டியில் யார்?’ என்று தொடங்கும் கூட்டம் பயிற்சி மருத்துவர் தலைகுனிவதோடு முடிந்துவிடும். ரத்தம் வந்துசேர ஏன் அவ்வளவு நேரமானது என்ற கேள்விக்கு நேரமே இருக்காது.

சக மருத்துவர்களின் ஆய்வு, பழிதீர்க்கவும் பயன்படும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் அஸ்டோரியா என்ற சிற்றூர். இருந்ததோ ஒரே மருத்துவமனை. அங்குள்ள கிளினிக் ஒன்றில் பங்குதாரராக மறுத்துத் தனியாகத் தொழில் தொடங்கினார் டிமொதி பேட்ரிக். அவரது சிகிச்சைமுறை குறித்து மருத்துவமனையில் விசாரணை வந்தது. அதில் அந்தக் கிளினிக் மருத்துவர்களின் கை ஓங்கியிருந்தது. அவர் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1988இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது.

ஒரே கூரைக்கடியில் வேலைசெய்கிறவர்கள் நண்பர்களாகவோ போட்டியாளர்களாகவோதான் இருப்பார்கள். இந்தச் சிக்கலுக்குக் கேரளம் ஒரு வழி கண்டது. அங்குள்ள மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004இல் தாய்மரணங்களை ரகசியமாக ஆய்வு செய்யத் தொடங்கியது. தாய், மருத்துவர், மருத்துவமனை என எந்தப் பெயரும் இல்லாத கேஸ் ஷீட்டுகளை மூத்த மருத்துவர்கள் படித்தார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு முக்கியக் காரணமாகத் தெரியவந்தது. பிறகு அதைத் தடுக்கவும் சமாளிக்கவும் அரசும் கூட்டமைப்பும் சேர்ந்து தர வரையறைகளை வகுத்தன. 2004-06இல் உயிருடன் பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 95 ஆக இருந்த தாய்மரணம், 2018-20இல் 19 ஆனது. எல்லாமே ஆய்வின் பலன் என்று சொல்லிவிட முடியாது. எங்கே கைவைக்க வேண்டும் என்று காட்டியதில் அதற்குப் பங்குண்டு.

நான்கைந்து மருத்துவர்கள் மட்டுமே உள்ள தாலுகா மருத்துவமனைகளும் இதைச் செய்யலாம்: பெயர்களை நீக்கிய கேஸ் ஷீட்டை அடுத்த ஊர் மருத்துவமனைக்கு அனுப்பலாம், அவர்களுடையதை வாங்கிப் படிக்கலாம். வேண்டுமென்றே செய்த தவறுக்குத் தண்டனை தரத் தனி விசாரணை இருக்கட்டும். ஆய்வுக் கூட்டக் குறிப்பில் இடம்பெற வேண்டியவை, எந்த நடைமுறை எந்தத் தேதிக்குள் மாறும், யார் பொறுப்பு என்பவைதான். அடுத்த கூட்டம், அது மாறியதா என்ற கேள்வியோடு தொடங்க வேண்டும்.