பாவாடைக் கணக்கு

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை சிட்லபாக்கத்தில் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தாரைப் பார்க்கப் போயிருந்தோம். அந்த வீட்டு அம்மாள் குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை தைத்து விற்கிறவர். கூடத்தில் இரண்டு தையல் இயந்திரங்கள். ஒன்றில் அவர், இன்னொன்றில் அவருடைய நாத்தனார். கடை என்று ஒன்றும் கிடையாது. கைபேசிதான் கடை. பெரிய இணைய அங்காடி ஒன்றில் படம் போட்டு விற்கிறார். தினந்தோறும் ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து பொட்டலங்களை எடுத்துப் போகிறான்.

நாம் உட்கார்ந்ததும் காப்பி வருவதற்கு முன்பே கைபேசி நம் கைக்கு வந்துவிட்டது.

"அண்ணா, போன வருஷம் நான் ஆறு லட்சத்து நாற்பதினாயிரம் ரூபாய் வாங்கினேனாம்! சர்க்கார் கணக்கில் அப்படித்தான் இருக்கிறது. 'எனக்குத் தெரியாமல் எங்கே ஒளித்து வைத்தாய்?' என்று இவர் கேட்கிறார்" என்றார் அந்த அம்மாள். 'இவர்' மூலையில் பத்திரிகைக்குப் பின்னால் மறைந்து கொண்டார்.

வாங்கிப் பார்த்தோம். வருமான வரி இலாகாவின் வருஷாந்தரத் தகவல் அறிக்கை அது. இணைய அங்காடிக்காரர்கள் இந்த அம்மாளின் பெயரில் ரூ. 6,40,000 வரவு என்று எழுதி, அதில் ரூ. 640 வரி பிடித்துச் செலுத்தியிருப்பதாகவும் தெரிவித்திருந்தார்கள். பொய் ஒன்றும் இல்லை. அத்தனை ரூபாய்க்கும் பாவாடை விற்றது வாஸ்தவம். ஆனால் விற்ற பணம் வேறு, சம்பாதித்த பணம் வேறு என்பது சந்தையில் கீரை விற்கும் கிழவிக்கும் தெரியும்.

காகிதமும் பென்ஸிலும் வாங்கிக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தோம். துணி, நூல், பொத்தான், சரிகை வகையில் ரூ. 3,60,000. அங்காடிக்காரரின் தரகு, கட்டணம், அனுப்பும் கூலி எல்லாமாக ரூ. 1,05,000. 'அளவு சரியில்லை', 'நிறம் படத்தில் உள்ளது போல் இல்லை' என்று திரும்பி வந்தவற்றுக்காகக் கழிந்தது ரூ. 48,000. மின்சாரம், பொட்டலப் பை முதலிய சில்லறைச் செலவு ரூ. 14,000. மிச்சம் ரூ. 1,13,000. இரண்டு பெண்மணிகள் வருஷம் முழுவதும் காலால் மிதித்ததற்குத் தலைக்கு மாதம் ஐயாயிரம் கூட ஆகவில்லை!

அறிக்கையில் முதல் தொகை மட்டும் இருக்கிறது. மற்றவை அந்த அம்மாளின் ஞாபகத்திலும் ஒரு பழைய பிஸ்கோத்து டப்பாவிலுள்ள ரசீதுகளிலும் இருக்கின்றன.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதை நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். இணைய அங்காடி நடத்துகிறவர்கள், தங்கள் மூலமாக விற்கிறவரின் மொத்த விற்பனையில் நூற்றுக்கு ஒன்று வரியாகப் பிடித்துச் செலுத்த வேண்டும் என்று 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 194-ஓ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அது 2020 அக்டோபர் 1 முதல் அமுலுக்கு வந்தது. சில்லறை வியாபாரிகளின் முதலே இதில் முடங்கிப் போகிறது என்ற முறையீட்டுக்குப் பிறகு, 2024 அக்டோபர் 1 முதல் விகிதம் பத்தில் ஒரு பங்காக, அதாவது ஆயிரத்துக்கு ஒரு ரூபாயாகக் குறைந்தது. வருஷ விற்பனை ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட தனி நபர் தமது பான் எண்ணையோ ஆதார் எண்ணையோ கொடுத்திருந்தால் ஒன்றும் பிடிப்பதில்லை. கொடாதவரிடம் நூற்றுக்கு ஐந்து! 2026 ஏப்ரல் 1 முதல் அமுலாகும்படி இயற்றப்பட்ட 2025-ஆம் வருஷத்துப் புதிய சட்டத்திலும் பிரிவின் எண் மாறியதே தவிர ஏற்பாடு மாறவில்லை.

ஆகவே 640 ரூபாய் பெரிய விஷயமல்ல. சர்க்காருக்கு வேண்டியதும் அந்த 640 அல்ல என்பது நமது அபிப்பிராயம். அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற தகவல்தான். யார், எவ்வளவு, எந்த மாதம் என்பது தானாகவே வந்து சேருகிறது.

தறிக்கும் செக்குக்கும் வரி வாங்கியது நம் நாட்டில் புதிதல்ல. தறியிறை, செக்கிறை என்ற பெயர்களைச் சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே காணலாம். சுங்கத்தை நீக்கிய முதற் குலோத்துங்கனை, 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று ஜனங்கள் வாழ்த்தினார்கள். ஆனால் தறியை எண்ண வந்த அதிகாரி தறியைக் கண்ணால் பார்த்தான். அது ஓடுகிறதா, ஒட்டடை பிடித்துக் கிடக்கிறதா என்பது அவனுக்குத் தெரிந்தது. வருமான வரி என்பதைப் பிரிட்டிஷார் 1860-இல் கொண்டு வந்தார்கள். 1857-ஆம் வருஷத்துப் போரை அடக்கிய செலவுக்காக ஜேம்ஸ் வில்ஸன் என்பவர் கல்கத்தாவில் அதை விதித்தார். சென்னைக் கவர்னராயிருந்த சர் சார்லஸ் டிரெவெலியன், இந்த வரி நம் ஜனங்களுக்கு ஒவ்வாது என்று பகிரங்கமாக எதிர்த்தெழுதி, அதற்காகவே பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். வெள்ளைக்கார கவர்னருக்கே அந்தக் கதி! பிற்பாடு அவரே நிதி மந்திரியாகத் திரும்பி வந்தார்; 1865-இல் அந்த வரியும் போயிற்று. போனது மறுபடி வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விற்பனை வரிக்கோ நாம் வெள்ளைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இந்தியாவில் முதன்முதலாகப் பொது விற்பனை வரியை 1939-இல் சென்னை மாகாணத்தில் கொண்டு வந்தவர் ராஜாஜி.

அமெரிக்காவிலும் இதே வழக்குத்தான். அங்கே பணப் பட்டுவாடாக் கம்பெனிகள் ஒரு வியாபாரியின் வரவு 20,000 டாலருக்கும் 200 விற்பனைக்கும் மேற்பட்டால் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றிருந்தது. 2021-இல் அதை ஒரேயடியாக 600 டாலராகக் குறைத்துச் சட்டம் செய்தார்கள். பழைய நாற்காலியை விற்றவனுக்குக்கூட நமூனா போகும் என்று ஒரே கூச்சல் எழுந்தது. வருஷா வருஷம் ஒத்திப் போட்டு, கடைசியில் 2025 ஜூலையில் பழைய எல்லைக்கே திரும்பினார்கள்.

அதே 2025 ஜூலையில் நமக்கு அடுத்த வீடாகிய கர்நாடகத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். யு.பி.ஐ. மூலம் வந்த தொகைகளைக் கூட்டிப் பார்த்து, வணிக வரி இலாகா சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பிற்று. வரியே இல்லாத காய்கறியை விற்றவருக்கும் சுமார் 29 லட்சம் ரூபாய் கேட்டு ஓலை வந்தது. பெங்களூர்க் கடைகளில் ஒட்டியிருந்த கட்டப் படங்களைக் கிழித்துவிட்டு, 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி வைத்தார்கள். பிறகு முதல் மந்திரி சித்தராமையா வியாபாரிகளை அழைத்துப் பேசி, பழைய பாக்கியை வசூலிப்பதில்லை என்று சொன்ன பிறகே அமைதி ஏற்பட்டது. வந்த பணமெல்லாம் வருமானம் என்று இயந்திரம் நினைத்துக் கொண்டதன் பலன் இது.

நம் அம்மாளுக்கு இன்னொரு சங்கடம். சரக்கு சேவை வரி விஷயத்தில், இணைய அங்காடி மூலம் விற்கிறவர் எவ்வளவு சிறியவரானாலும் பதிவு செய்தே தீரவேண்டும் என்று முதலில் இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் சிறு வியாபாரிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஆனால் சரக்கு மாகாண எல்லையைத் தாண்டக் கூடாது. இதன்படி சிட்லபாக்கத்துப் பாவாடை ஓசூர் வரையில் தாராளமாகப் போகலாம். அதற்கப்பால் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு பெண் குழந்தை அதே பாவாடைக்கு அழுதால், அம்மாள் பதிவு செய்து கொண்டு மாதக் கணக்கோ காலாண்டுக் கணக்கோ கொடுக்க வேண்டும். பாரத தேசம் முழுவதும் ஒரே சந்தை என்று பெருமையாகப் பேசிக்கொள்ளும் போது இது சற்று உறுத்துகிறது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அதே பாவாடைகளைத் தார்ப்பாயில் பரப்பி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ரொக்கமாக வாங்கியதை யாரும் எண்ணுவதில்லை. அதற்காக அவர்கள்மீது நமக்குக் கோபமில்லை, வெயிலில் நிற்கிறார்கள். ஆனால் ஒழுங்காக வங்கியில் வாங்கினவருடைய ஒவ்வொரு பொத்தானும் எண்ணப்படுவது ஒழுங்குக்குக் கிடைத்த தண்டனை போல் ஆகிவிடக் கூடாது அல்லவா?

வரி கேட்பது தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. சுயராஜ்ய சர்க்கார் ரோடு போட வேண்டும், பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். மொத்தத் தொகையைத் தெரிவிக்கிற கம்பெனிக்குத் தன் தரகு எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்பதும் தெரியுமே! அந்தத் தொகைகளையும் அதே காகிதத்தில் எழுதி, தமிழில் ஒரு பிரதியை விற்கிறவருக்குக் கொடுக்கும்படி சட்டம் செய்தால் என்ன? இப்போது இந்த அம்மாளுக்கு வருகிற விவரமெல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது.

"இப்போது நான் என்ன செய்யட்டும்?" என்று அம்மாள் கேட்டார்.

பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னோம். ரூ. 1,13,000 வரி விதிக்கும் எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. கணக்குப் புத்தகம் வைக்காத சிறு வியாபாரிக்காகவே, வங்கி மூலம் வந்த விற்பனையில் நூற்றுக்கு ஆறுக்குக் குறையாமல் லாபம் காட்டினால் போதும் என்று ஒரு வழி இருக்கிறது. இவருடைய உண்மை லாபம் அதைவிட அதிகம், அதையே எழுதலாம். விவர அறிக்கை தாக்கல் செய்தால்தான் பிடித்த 640 ரூபாய் திரும்பி வரும். தகவல் அறிக்கையில் தவறு இருந்தால் அங்கேயே ஆட்சேபம் தெரிவிக்கவும் இடமுண்டு.

"அறுநூற்று நாற்பதுக்காக ஆடிட்டருக்கு ஆயிரம் கொடுப்பதா?" என்று பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அதற்கு நாம் பதில் யோசித்துக் கொண்டிருக்கையில், நாத்தனார் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மாடி வீட்டுப் பெண் பி.காம். படிக்கிறாள், அவளைக் கேட்கலாம் என்றார். அந்தப் பெண் வந்தாள். பிஸ்கோத்து டப்பாவைத் தரையில் கவிழ்த்து, ரசீதுகளை மாதவாரியாக அடுக்க ஆரம்பித்தாள். கூலியாகத் தங்கைக்கு ஒரு மாம்பழ நிறப் பாவாடை கேட்டாளாம்.