அந்தத் துயரம் நடிப்பா?

1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' படத்தில் பாட்டே கிடையாது. (அம்மாவுக்கு அது ஒன்றுதான் குறை!) எடுத்த எடுப்பிலேயே வானொலிப் பொறியாளன் ராஜனாக வரும் சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். உடன்பிறந்தான், அவன் மனைவி, அண்டை வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்ல, நாமும் ஒவ்வொருவராய்ச் சந்தேகிக்கிறோம். கடைசியில், ஜப்பானியருக்கு உளவாளியான ராஜன் தன் மனைவி உஷாவின் கையாலேயே மாண்டான் என்று தெரிகிறது.

"அப்படியானால் அவள் துயரமெல்லாம் நடிப்பு! நம்மை ஏமாற்றிவிட்டார்கள்" என்கிறாள் என் தோழி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாட்டுக்காகத் துப்பாக்கி எடுத்தவளுக்குக் கணவன்மேல் இருந்த அன்பு போய்விடுமா? அவள் போலீசாரிடம் மறைத்ததும் மெய், துயருற்றதும் மெய். மறுமுறை பார்க்கக் கிடைத்தால், கொலையாளியைத் தேடமாட்டேன். பண்டரிபாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.