புதுப் பாஷைக்கு எழுத்து

சென்ற வாரம் சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். டீக் கடை வாசலில் தமிழ், ஹிந்தி, ஒடியா, வங்காளி எல்லாம் ஒரே சமயத்தில் காதில் விழுந்தன. எதிரே ஒரு பலகையில் கோடும் வட்டமும் சதுரமுமாகக் கொரிய எழுத்துக்கள். கொரியர்களின் தொழிற்சாலைகள் உள்ள பிரதேசத்தில் அது அதிசயமல்ல.

அந்த லிபிதான் அதிசயம். பெரும்பாலான லிபிகள் தாமாக வளர்ந்தவை. இதையோ கொரிய மன்னர் ஸேஜோங் 1443-ல் திட்டமிட்டு அமைத்து, 1446-ல் வெளியிட்டார். சீன எழுத்தைக் கற்க வசதியற்ற குடியானவனும் தன் மனத்திலுள்ளதை எழுத வேண்டும் என்பதே அவர் கவலை. 'க' ஒலியின் எழுத்து, நாவின் அடி தொண்டையை அடைக்கும் உருவம். 'ம' ஒலிக்கு வாயின் உருவம். தொல்காப்பியத்தில் பிறப்பியல் படித்த நேயர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

பாஷையையே சிருஷ்டித்தவர்களும் உண்டு. ஸாமன்ஹாப் பிறந்த பியாலிஸ்டாக் நகரில் ருஷியரும் போலிஷ்காரரும் ஜெர்மானியரும் யூதரும் பேச்சால் பிரிந்து பகைத்திருந்தனர். அந்த வேதனையில் 1887-ல் பிறந்தது எஸ்பரான்டோ. அதில் 28 எழுத்துக்கள்; எழுத்துக்கு ஓர் ஒலி.

நம்மவரான மதன் கார்க்கி, 2015-ல் வந்த 'பாகுபலி' படத்தின் காலகேயருக்காகக் 'கிளிக்கி'யைச் செய்தார். அதில் 'மின்' என்றால் நான். திருப்பினால் 'நிம்', அதாவது நீ! போர்க்குணம் படைத்த கூட்டத்தாருக்கு ஏற்றபடி ஒலிகளும் கடுமையானவை. 2020-ல் அதற்கு எழுத்தும் கொடுத்தார்.

எழுத்துக்கு ஓர் ஒலி என்பதுதான் உத்தமமான முறையா? கல், பகல், தங்கம் மூன்றிலும் 'க' வெவ்வேறாக ஒலிக்கிறது. எந்தத் தமிழ்க் குழந்தையும் தடுமாறுவதில்லை. நிற்கும் இடமே ஒலியைச் சொல்லிவிடுகிறது. ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை நோட்டுப் புத்தகத்தில் ரகசிய லிபி எழுதினால் கோபிக்காதீர்கள். "இதைப் பேசுகிறவர்கள் யார்? எங்கே வசிக்கிறார்கள்? எதன்மேல் எழுதுகிறார்கள்?" என்று கேளுங்கள். பேசும் ஜனங்கள் இல்லாத பாஷை வெறும் பொம்மைதான்.

பஸ் வரும் சமயம், ஓர் ஒடியா இளைஞன், "அண்ணே, சக்கரை கம்மி" என்றான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஸாமன்ஹாப் கண்ட கனவில் ஒரு துளி அங்கே பலித்துவிட்டது. ஆனால் அவன் நம்மிடம் நாலு வார்த்தை கற்றிருக்கிறான். அவனுடைய பாஷையில் நாம் ஒரு வார்த்தையேனும் கற்றிருக்கிறோமா?