டிக்கியில கரண்ட் இருக்கா பாஸ்?

கார்ல சாவியை உருவின பிறகும் என்னென்ன வேலை செய்யுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? ஹசார்ட் லைட் மினுக்கும். உள்லைட் எரியும். பல கார்கள்ல பிரேக்கை மிதிச்சா பின்னாடி சிவப்பு லைட்டும் எரியும். டிக்கியைத் திறந்தா அங்கே ஒரு குட்டி பல்பு சிரிக்கும். இதெல்லாம் பேட்டரியிலேர்ந்து நேரா வர்ற லைன். மெக்கானிக் பாஷையில 'டைரக்ட்'. வைப்பர் மாதிரி ஐட்டங்கள் வேற ஜாதி. சாவியைத் திருப்பினாத்தான் உயிர் வரும்.

இந்த ரெண்டையும் தெரிஞ்சு வச்சிருந்தா, நான் ஃபைனல் இயர்ல வாங்கிக் கட்டிக்கிட்டது மிச்சமாகியிருக்கும்.

அப்பாவோட செகண்ட் ஹேண்ட் கார். ஃப்ரெண்டு ஒருத்தன் பாதி விலைக்குத் தந்த ஆம்ப்ளிஃபையர், ஒரு சப் ஊஃபர். ரெண்டும் டிக்கியிலதான் உட்காரணும். கரண்டுக்கு எங்கே போறது? டிக்கி லைட் கண்ணுல பட்டுது. சாவி இல்லாமலே எரியுது, அப்போ டைரக்ட்தானே! ஒயரை உரிச்சு, முறுக்கி, டேப் சுத்தியாச்சு. ஆம்ப்ளிஃபையருக்கு 'ரிமோட்'னு ஒரு சன்ன ஒயர் உண்டு. ஸ்டீரியோவை ஆன் பண்ணினா மட்டும் ஆம்ப்ளிஃபையர் முழிச்சுக்கணும், ஆஃப் பண்ணினா தூங்கணும்னு சொல்ற ஒயர் அது. டேஷ்போர்டு வரைக்கும் யார் இழுக்கிறதுன்னு அதையும் அதே லைட் ஒயர்லயே சேர்த்துட்டேன். பாட்டு சும்மா அதிர்ந்துது!

ரெண்டாவது நாள் வால்யூமைக் கூட்டினேன். ஃப்யூஸ் போச்சு. 10 ஆம்பியர், சிவப்பு கலர். அதுக்குப் பதிலா பச்சை கலர் 30 ஆம்பியரைச் சொருகினேன். 'ஐடியா மணி'ன்னு என்னை நானே தட்டிக் கொடுத்துக்கிட்டேன்.

மூணு நாள் காரை யாரும் எடுக்கலை. நாலாம் நாள் விடியக்காலை 5 மணிக்குப் பாட்டிக்குக் கண் ஆபரேஷன். எல்லாரும் ஏறி உட்கார்ந்தாச்சு, பாட்டி நெத்தி நிறைய விபூதியோட. அப்பா சாவியைத் திருப்பினார். 'டிக்'. இன்னொரு தடவை 'டிக்'. செல்ஃப் எடுக்கலை. தெருமுனை வரைக்கும் ஓடிப்போய் ஆட்டோ பிடிச்சேன். அப்பா ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தா தேவலை.

கணக்கு ரொம்ப சிம்பிள். சின்ன கார்ல பெரும்பாலும் 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிதான். பாட்டே பாடாம சும்மா முழிச்சுக்கிட்டிருக்கிற ஆம்ப்ளிஃபையர் அரை ஆம்பியர் குடிச்சாக்கூட, 3 நாள்ல, அதாவது 72 மணி நேரத்துல, 36 ஆம்பியர்-ஹவர் காலி. பாதி காலியானாலே ஸ்டார்ட்டர் முனக ஆரம்பிச்சுடும்.

சாயங்காலம் எங்க ஏரியா ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். டிக்கி ஓரத்து கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தார். லைட் ஒயரோட பிளாஸ்டிக் உறை இளகி, பக்கத்து ஒயரோட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. "பேட்டரி இறங்கினது உன் நல்ல நேரம் தம்பி. இன்னும் ரெண்டு நாள் ஃபுல் சவுண்டு வச்சிருந்தேன்னா வண்டியே எரிஞ்சிருக்கும்"னார். அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தார்.

டைரக்ட் லைனைக் கண்டுபிடிக்கிறது சப்பை மேட்டர். எவ்வளவு தாங்கும்ங்கிறதுதான் கேள்வி. டிக்கி பல்பு 5 வாட்ஸ், அரை ஆம்பியர்கூட வேண்டாம். அந்தக் கணக்குக்குப் போட்ட நூல் மாதிரி ஒயர் அது. நிஜமாவே 300 வாட்ஸ் தர்ற ஆம்ப்ளிஃபையர் 12 வோல்ட்டுல 25 ஆம்பியர் கேட்கும். சூடா வீணாகிறதையும் சேர்த்தா இன்னும் மேலே. ஃப்யூஸ் இருக்கிறது உங்க ஆம்ப்ளிஃபையரைக் காப்பாத்த இல்லை, ஒயரைக் காப்பாத்த. ஒயர் அதேதான், ஃப்யூஸை மட்டும் பெரிசாக்கினா, அடுத்து உருகப்போறது ஒயர்.

சரி, இப்போ உங்க விஷயத்துக்கு வருவோம். டிக்கியில என்ன வைக்கப் போறீங்க? பின்பக்க டேஷ்கேம், குட்டி எல்.இ.டி. லைட், ஒண்ணு ரெண்டு ஆம்பியர் சமாச்சாரம்தானா? உங்க கார் டிக்கியில 12 வோல்ட் சாக்கெட் இருந்தா ஒயர் மேலேயே கை வைக்காதீங்க. போன் சார்ஜரைச் சொருகி, சாவியை உருவிப் பாருங்க. சார்ஜ் ஏறிக்கிட்டே இருந்தா அது டைரக்ட். பெரும்பாலும் மூடியிலேயே 120 வாட்ஸ்னு போட்டிருக்கும், அதுக்குள்ள இருங்க.

சாக்கெட் இல்லையா? ஒரு சாதா மல்ட்டிமீட்டர் வாங்குங்க. கறுப்பு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்புல வச்சு, சிவப்பு முனையால டிக்கி லைட் கனெக்டரைத் தொட்டா, 12 வோல்ட் சொச்சம் காட்டும். உடனே துள்ளாதீங்க. டிக்கி லாக்கை ஸ்க்ரூ டிரைவரால பூட்டின நிலைக்குத் தள்ளி, காரையும் லாக் பண்ணிட்டு, அரை மணி நேரம் கழிச்சு மறுபடி பாருங்க. புது கார்கள்ல பேட்டரியைக் காப்பாத்த இந்த லைனைக் கம்ப்யூட்டரே கொஞ்ச நேரத்துல அணைச்சுடும். இருந்த 12 வோல்ட் காணாமப் போயிருக்கும். நாம டேஷ்கேமைத் திட்டிக்கிட்டு இருப்போம்! இன்னொண்ணு, மஞ்சள் கனெக்டர், மஞ்சள் உறை போட்ட ஒயர் எதையும் தொடாதீங்க. அது பெரும்பாலும் ஏர்பேக் சமாச்சாரம்.

ஆம்ப்ளிஃபையர்தான் வேணும்னு அடம்பிடிச்சா, குறுக்கு வழியே கிடையாது. பேட்டரியிலேர்ந்தே தனியா ஒரு தடி ஒயர். (சில பி.எம்.டபிள்யூ. கார்கள்ல பேட்டரியே டிக்கியிலதான் இருக்கும். கொடுத்து வச்சவங்க!) நம்ம மாதிரி ஆளுங்களுக்கு முன்னாடியிலேர்ந்து பின்னாடி வரைக்கும் கிட்டத்தட்ட 5 மீட்டர். வழியில எங்கேயாவது உறை தேய்ஞ்சு பாடி இரும்பைத் தொட்டா, பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரை அந்த ஒயர்ல கொட்டும். அதனால ஃப்யூஸ் பேட்டரி பக்கத்துலயே, அரை மீட்டருக்குள்ள இருக்கணும். டிக்கியில ஃப்யூஸ் போட்டுட்டு நிம்மதியா இருக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். அந்த 5 மீட்டரை யார் காப்பாத்துவா? இன்ஜின் பக்கத்துலேர்ந்து உள்ளே நுழையற ஓட்டையில ரப்பர் வாஷர் கட்டாயம். ஆம்ப்ளிஃபையருக்குப் போற சிக்னல் ஒயர் ஒரு பக்கம், இது எதிர்ப்பக்கம். இல்லேன்னா ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் பாட்டுக்கு நடுவுல 'ஙொய்ய்' கேட்கும்.

எர்த்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்புல போல்ட் போடணும். ஆனா கண்ட இடத்துல டிரில் பண்ணாதீங்க. நிறைய கார்கள்ல பின் சீட்டுக்கு அடியிலதான் பெட்ரோல் டேங்க். டிக்கியில சி.என்.ஜி. சிலிண்டர் இருந்தா இந்த வேலையைத் தெரிஞ்ச ஆள்கிட்ட விட்டுடுங்க. லூஸ் கனெக்‌ஷன்ல ஒரு பொறி போதும். வேலையைத் தொடங்கும்போது பேட்டரியோட மைனஸைத்தான் முதல்ல கழட்டணும், ஃப்யூஸைக் கடைசியிலதான் சொருகணும். புது கார்னா, ஒயரை வெட்டினா வாரன்டி என்னாகும்னு வாங்கின இடத்துல முன்கூட்டியே கேட்டுக்கோங்க.

ராத்திரி பூரா ஓடற டேஷ்கேம்னா, வோல்டேஜ் இறங்கினதும் தானா அணைக்கிற கிட் தனியா கிடைக்குது. 12 வோல்ட்டுக்குக் கீழே செட் பண்ணாதீங்க. முழு சார்ஜ்ல 12.6 காட்டற பேட்டரி, 12.2-க்கு வந்தாலே கிட்டத்தட்ட பாதி காலி.

பாட்டி கண்ணு நல்லாயிடுச்சு. ஆம்ப்ளிஃபையரைத் தனி ஒயர், தனி ஃப்யூஸ்னு அண்ணனே மாட்டிக் கொடுத்தார். கூலி என் பாக்கெட் மணியிலேர்ந்து. ஆனா இன்னிக்கும் ராத்திரி கேட்டைப் பூட்டப் போகும்போது அப்பா ஒரு நிமிஷம் நின்னு கேட்பார், "டிக்கியில எதையாவது ஆன்ல விட்டிருக்கியா?"