பாடபேதங்கள் – பீல் அமர்வுகளை முன்வைத்து

சில வாரங்களுக்கு முன் நண்பர்கள் கூடியிருந்த ஒரு மாலையில் பேச்சு 'ஜாய் டிவிஷன்' இசைக்குழுவின் பக்கம் திரும்பியது. அவர்களுடைய பதிவுகளில் பி.பி.சி. வானொலிக்காகச் செய்தவையே எனக்கு அணுக்கமானவை என்று சொன்னேன். ஆழ்ந்து வாசிக்கிற, ஆழ்ந்து கேட்கிற நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் தச்சுப் பட்டறையில் கிடக்கும் சீவல். ஆல்பம்தான் படைப்பு. சீவலைப் பொறுக்குவது சேகரிப்பாளர்களின் வேலை" என்றார். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

இந்த அமர்வுகள் எப்படித் தோன்றின என்பதை முதலில் பார்த்துவிடலாம். வணிக இசைத்தட்டுகளை வானொலி எத்தனை மணி நேரம் ஒலிபரப்பலாம் என்பதற்குப் பிரிட்டனில் நெடுங்காலம் உச்சவரம்பு இருந்தது. 'நீடில் டைம்' என்று அதற்குப் பெயர். நாள் முழுதும் தட்டே சுழன்றுகொண்டிருந்தால் வாசிப்பவனுக்குப் பிழைப்பு ஏது என்று இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கம் கேட்டது. 1988 வரை அந்த வரம்பு நீடித்தது. எஞ்சிய நேரத்தை நிரப்ப வானொலியே கலைஞர்களை அழைத்து, ஊதியம் கொடுத்து, தன் கூடத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. 1967-இல் ரேடியோ ஒன் தொடங்கியபோதே அதில் சேர்ந்து, 2004 அக்டோபரில் இறக்கும்வரை அங்கே பணியாற்றிய ஜான் பீல், இந்தக் கட்டாயத்தை எவரும் அறியாத இளம் குழுக்களுக்கான வாசலாக்கினார். அவருடைய நிகழ்ச்சிக்காகப் பதிவான அமர்வுகள் 4000-க்கும் மேல். பெரும்பாலானவை லண்டனின் மெய்டா வேல் கூடத்தில் நடந்தன. 1909-இல் உருளைச் சறுக்கு அரங்கமாகக் கட்டப்பட்டு, 1930களில் பி.பி.சி.யின் கைக்கு வந்த கட்டடம் அது. பொதுவாக ஒரு நாள், நான்கு பாடல்கள். பகலில் நுழைகிற குழு வாசித்து, குரல் சேர்த்து, ஒலிக்கலவையும் முடித்து இரவில் வெளியேறிவிட வேண்டும்.

சீவல் என்கிற வாதத்துக்கு வருவோம். பட்டறையில் சீவல் விழுவதற்கு முன்னால் மரம் இருக்க வேண்டும். இங்கே பல வேளைகளில் மரமே இல்லை. 'சூசி அண்ட் த பேன்ஷீஸ்' தம் முதல் பீல் அமர்வை 1977 நவம்பரில் பதிவு செய்தபோது எந்த நிறுவனமும் அவர்களோடு ஒப்பந்தம் செய்திருக்கவில்லை. 'ஹாங்காங் கார்டன்' 1978 பிப்ரவரி அமர்விலேயே இடம்பெற்றது. அதன் இசைத்தட்டு ஆகஸ்டில்தான் வந்தது. 'ஸ்லிட்ஸ்' பெண்கள் 1977 செப்டம்பரில் அமர்வுக்கு வந்தபோது முரசு வாசித்தவர் பாமாலிவ். 1979-இல் 'கட்' ஆல்பம் வெளியானபோது அவர் குழுவில் இல்லை, வாசித்தவர் பட்ஜி. பாமாலிவின் கைகளில் அந்தக் குழு எத்தகைய முரட்டு வேகத்தில் பாய்ந்தது என்பதைக் 'கட்' மட்டுமே கேட்டவர் அறிய வழியில்லை. மூலப்பிரதி எது, பிற்காலப் பிரதி எது என்று இந்த வரிசையைப் பார்த்தபின் நண்பர் சொல்லட்டும்.

அமர்வுகளின் பக்கம் நிற்பவர்களோடும் எனக்குப் பிணக்கு உண்டு. "பச்சையான ஒலி, பாசாங்கற்ற உண்மை" என்பது அவர்களின் வாய்ப்பாடு. இது தவறு. அமர்வு என்பது மேடைக் கச்சேரி அன்று. அங்கும் தனித்தனித் தடங்கள் உண்டு, மேற்பதிவு உண்டு, குழுவுக்கு அன்றுவரை அறிமுகமில்லாத பி.பி.சி. தயாரிப்பாளரும் பொறியாளரும் உண்டு. அதுவும் செய்யப்பட்ட ஒலிதான். ஒரே வேறுபாடு, செய்து பார்த்து, கலைத்து, மீண்டும் செய்ய அங்கே நேரம் கிடையாது. ஒவ்வொரு முடிவையும் அன்றைக்கே எடுத்தாக வேண்டும். அமர்வுகளின் ஈர்ப்பு அந்த நெருக்கடியிலிருந்து பிறக்கிறது என்பதே என் துணிபு.

'இன்சைட்' பாடலை எடுத்துக்கொள்வோம். 'அன்னோன் பிளெஷர்ஸ்' ஆல்பத்துக்காக 1979 ஏப்ரலில் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி கூடத்தில் அது பதிவானது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் அங்கிருந்த பழைய லிஃப்டின் ஓசையைப் பாடலின் வாயிலில் நிறுத்தினார். முரசொலிகளைத் தனித்தனியே பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கினார். தங்கள் மேடை வேகத்தை அவர் தணித்துவிட்டதாகக் குழுவின் பீட்டர் ஹூக்கும் பெர்னார்ட் சம்னரும் குறைபட்டுக்கொண்டார்கள். நான் அந்தக் கட்சியில் சேரவில்லை. ஹானெட் எழுப்பிய குளிர்ந்த கட்டடம் பெரிய சாதனைதான். ஆனால் அதே பாடலை அதற்கு இரண்டு மாதங்களுக்கும் மேல் முன்பு, 1979 ஜனவரி 31 அன்று, பீலுக்காக வாசித்திருக்கிறார்கள். அதில் லிஃப்ட் இல்லை. நான்கு இளைஞர்கள் ஒருவரை ஒருவர் உற்றுக் கவனித்தபடி வாசிக்கிறார்கள். ஆல்பத்தில் தனிமை என்பது கட்டடத்தின் தன்மை. அமர்விலோ, மூன்று பேர் அருகில் இருந்தும் ஒருவன் தனித்திருப்பதாகக் கேட்கிறது. இவை இருவேறு பொருள்கள். ஒன்றை மற்றதன் கரட்டு வடிவம் என்பவர் இரண்டையும் கேட்கவில்லை.

இன்னொரு சான்று எனக்கு இதைவிட முக்கியம். 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்' இசைத்தட்டாக வந்தது 1980 ஜூனில். பாடகர் இயன் கர்ட்டிஸ் அவ்வாண்டு மே 18 அன்று தற்கொலை செய்துகொண்டார். ஆகவே அந்த இசைத்தட்டை இறந்தவரின் குரலாக அன்றி எவரும் கேட்டதில்லை. ஒவ்வொரு வரியிலும் முன்னறிவிப்பைத் தேடுகிறோம்; தேடுகிறவனுக்குக் கிடைக்காமலா போகும்? ஆனால் 1979 டிசம்பர் 10 இரவு பீலின் நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்கு அது ஒரு புதிய பாடல், அவ்வளவே. பாடியவர் உயிரோடு இருந்தார். அவருக்கு வயது 23. அந்தப் பதிவைக் கேட்கும்போது, மரணம் அந்தப் பாடலின் மேல் ஏற்றிவைத்த உரைகளைச் சற்று நேரம் இறக்கிவைக்க முடிகிறது. மண முறிவைப் பற்றிய, மெட்டு மிகுந்த, ஏறக்குறைய துள்ளலான ஒரு பாடல் கீழே இருப்பது தெரிகிறது. இதைச் சீவல் என்பவரோடு எப்படி வாதிடுவது?

'கோத்' இசையைப் பற்றி ஒரு தனி ஏளனம் உண்டு: எதிரொலியையும் மேடைப் புகையையும் நீக்கிவிட்டால் அங்கே ஒன்றுமே மிஞ்சாது என்பார்கள். அந்த மரபின் தொடக்கமாகக் கருதப்படும் பௌஹவுஸின் 'பெலா லுகோசிஸ் டெட்' 9 நிமிடங்களுக்கும் மேல் நீள்வது. 1979 ஜனவரியில் ஒரு சிறிய கூடத்தில் ஒரே நாளில் பதிவானது. ஒரு நாள் வேலை அவர்களுக்குப் புதிதன்று. 'சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி'யை எடுத்துக்கொண்டால், அவர்களின் முரசு ஓர் இயந்திரம். அதற்கு 'டாக்டர் அவலாஞ்ச்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். சலிக்காத அந்த இயந்திரத்தை ஒட்டி கிதார்களும் எல்ட்ரிச்சின் தாழ்ந்த குரலும் நெருங்கி நகர்வதை 1982-ஆம் ஆண்டுப் பீல் அமர்வில் தெளிவாகக் கேட்கலாம். அவர்களின் பி.பி.சி. பதிவுகள் நெடுங்காலம் கள்ளப் பதிவுகளாகவே கைமாறி, 2021-இல்தான் முறையாக வெளிவந்தன. நாற்பதாண்டுகள் அவற்றை உயிரோடு வைத்திருந்தவர்கள் நண்பர் இகழும் அந்தச் சேகரிப்பாளர்கள்தாம்.

எல்லா அமர்வும் உயர்ந்தது என்று நான் வாதிடவில்லை. அவசரத்தில் சுருதி விலகியவை உண்டு. அலுப்போடு வாசித்து முடித்தவை உண்டு. 'த ஃபால்' 1978 முதல் 2004 வரை 24 அமர்வுகள் செய்தது. அவற்றிலும் ஏற்ற இறக்கம் உண்டு. ஆனால் தமிழ் படித்தவனுக்கு இது புதிய சிக்கல் அன்று. ஏட்டுக்கு ஏடு வேறுபட்டபோது உ.வே. சாமிநாதையர் ஒரு பாடத்தைத் தேர்ந்துகொண்டார். மற்றவற்றைக் குப்பையில் எறியாமல் பாடபேதங்களாக அடிக்குறிப்பில் அச்சிட்டார். தேர்வதற்குப் பதிப்பாசிரியனுக்கு உரிமை உண்டு, மறைப்பதற்கு இல்லை என்பதே அதன் அடிப்படை அறம்.

இன்று நடப்பது மறைப்பதை ஒத்தது. மறுவெளியீடுகளில் அமர்வுகள் 'போனஸ்' என்ற பெயரில் இரண்டாம் தட்டின் வாலில் தொங்குகின்றன. இணைய ஒலிபரப்புச் செயலிகளில் பதிவான நாளும் வாசித்தவர் பெயரும் பல வேளை காணப்படுவதில்லை. நான்கு பாடல்களின் ஒருமை சிதறிவிடுகிறது. 1986-இல் பீலும் கிளைவ் செல்வுட்டும் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' நிறுவனம் அமர்வை அமர்வாகவே, அதன் தேதியோடு வெளியிட்டது. அந்த மரியாதையைத்தான் கேட்கிறேன். மெய்டா வேல் கட்டடத்தையும் பி.பி.சி. 2023-இல் விற்றுவிட்டது. எஞ்சியிருப்பவை பதிவுகள் மட்டுமே. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் பதிவான அமர்வுகள் பலவற்றின் நாடாக்கள், மிச்சம் மீதி என்று கருதப்பட்டே அழிக்கப்பட்டன. நண்பரின் உவமையை நடைமுறைப்படுத்தியவர்கள் ஏற்கெனவே இருந்திருக்கிறார்கள்.

நண்பர் இதை வாசிப்பார் என்று தெரியும். ஜனவரி 31 'இன்சைட்'டை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். ஆல்பத்தைக் கேட்காமல், இதை மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டு வரட்டும். பிறகு பேசுவோம்.