பூட்டு வலுவானது, சாவி எங்கே?

நீலாய், செண்டாயான் பக்கம் போய்ப் பாருங்கள். நம் பாட்டன்மார் பால் வெட்டிய ரப்பர் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். தோட்ட ஆபீசும் இல்லை, கிராணி எழுதிய பேரேடும் இல்லை. ஒருவர் எத்தனை ஆண்டு உழைத்தார், என்ன சேமித்தார் என்பதற்கு மிஞ்சும் சாட்சி, ஏதாவது ஒரு நிறுவனத்தின் கணினியில் உள்ள பதிவுதான்.

பெரிய வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் மெயின்பிரேம் என்னும் பெருங்கணினிகளில் கணக்கு வைக்கின்றன. பழைய பதிவுகள் காந்த நாடாவுக்குப் போகின்றன. நாடா மலிவு. அலமாரியில் கிடக்கும்போது மின்சாரம் தேவையில்லை. இணையத் திருடனுக்கும் எட்டாது. ஆனால் நாடாவையே தூக்கிக்கொண்டு போய்விடலாம். 2005இல் அமெரிக்காவின் சிட்டிகுரூப் அனுப்பிய நாடாக்கள் வழியில் காணாமல் போயின. அவற்றில் இருந்த சுமார் 39 லட்சம் வாடிக்கையாளர் விவரங்கள் மறைகுறியாக்கப்படவில்லை. மறு ஆண்டே ஐபிஎம் நிறுவனம், எழுதும்போதே தகவலை மறைகுறியாக்கும் டிஎஸ்1120 நாடா இயக்கியைக் கொண்டுவந்தது.

அது வேலை செய்யும் முறை அழகானது. தகவலைப் பூட்டுவது 256 பிட் சாவி. அந்தச் சாவியை இன்னொரு பொதுச்சாவியால் பூட்டி, நாடாவிலேயே எழுதிவிடுவார்கள். அதைத் திறக்கும் தனிச்சாவி மட்டும் சாவி நிர்வாகக் கணினியில் இருக்கும். எந்தத் தனிச்சாவி வேண்டும் என்பதைச் சாவிப்பெயர் சொல்லும். நாடாவைத் திருடியவனுக்குப் பூட்டிய பெட்டிதான் மிஞ்சும்.

இதை விளக்கினால் மாணவர்கள் உடனே கேட்பது: "சாவி தொலைஞ்சா கம்பெனியிடம் கேட்டு வாங்க முடியாதா, சார்?" முடியாது. 256 பிட்டில் அமையக்கூடிய சாவிகளின் எண்ணிக்கை 78 இலக்கம் கொண்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க எந்தக் கணினிக்கும் ஆயுள் போதாது. சாவி போனால், நாடாவைத் தீயில் போட்டதற்குச் சமம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சாவிக் கோப்பின் நகலையும் அதே முறையில் மறைகுறியாக்கி நாடாவில் வைத்தால் என்ன ஆகும்? இரும்புப் பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிய கதைதான்.

ஆகவே என் கருத்து இது. திருட்டுக்குப் பயப்படும் அளவுக்கு நம் நிறுவனங்கள் சாவி தொலைவதற்கும் பயப்பட வேண்டும். நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தகவல் கசிவதை மட்டுமல்ல, தொலைவதையும் தடுக்கச் சொல்கிறது. சாவிக் கோப்பின் நகல் வேறொரு ஊரில், அதே சாவியை நம்பாத வேறு பாதுகாப்பில் இருக்கட்டும். ஒருவர் ஓய்வு பெற்றாலும் இன்னொருவருக்கு விவரம் தெரியட்டும். நாடா 30 ஆண்டு இருக்க வேண்டுமென்றால் சாவியும் 30 ஆண்டு இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை பழைய நாடா ஒன்றை எடுத்துப் படித்துக் காட்டட்டும். படித்துப் பார்க்காத நகலை நகல் என்று நம்பக் கூடாது.

வாசகர்களே, நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. சேமநிதி, காப்புறுதி அறிக்கைகளை ஆண்டுதோறும் அச்சிட்டு வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தாளைப் படிக்க எந்தச் சாவியும் வேண்டாம்.